பிழைத்துக்கொண்ட மீன்கள்

அந்த மீன்தொட்டியைச் சன்னல் ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள், சார். வெயில் நேராக விழுந்தால் பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடேறும். இரையும் அதிகம் போடுகிறீர்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் ஆளுக்கொரு சிட்டிகை போடுவார்கள் போலிருக்கிறது. மீன் வாயைத் திறந்து திறந்து மூடினால் பசி என்று அர்த்தமில்லை. அது மூச்சு விடுவதே அப்படித்தான்.

மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்காமலே எதையாவது சொல்லிவிடுவது என் பழக்கம். இதற்காக அக்கா என்னைத் திட்டாத நாளில்லை. "உனக்கு வாயில எதுவும் நிக்காதுடி" என்பாள். நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எழுதிக்கொள்கிற பெண்ணுக்கும் வசதியாக இருக்கட்டும், நிதானமாகவே சொல்கிறேன். நான் அழப்போவதில்லை, மயங்கி விழவும் மாட்டேன். குடிக்கத் தண்ணீர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும்.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் அம்மா இறந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. எனக்குத் தலைவாரி விட்டதும் சோறு ஊட்டியதும் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் படுத்துக்கொண்டதும் அக்காதான். அவள் மீன்வளம் படித்தாள் என்பதற்காகவே நானும் அதைப் படித்தேன். அவள் மீன்குஞ்சுப் பண்ணைக்குத் தலைமை அதிகாரி ஆனாள். நான் அதே பண்ணையின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தேன். அவள் கல்யாணம் செய்துகொண்டாள், எனக்கு அது தோன்றவில்லை. அவளுக்கு ஒரு மகள் பிறந்தாள். அக்கா வேலை வேலை என்று ஓடிக்கொண்டிருந்ததால் அந்தக் குழந்தை என் இடுப்பில்தான் வளர்ந்தது. குட்டி என்று நான் கூப்பிட்ட பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. உங்கள் காகிதத்தில் இருக்கிற பெயரைச் சொன்னால் யார் என்று ஒரு நொடி எனக்கே பிடிபடவில்லை.

அடுத்து என் வேலை. அது புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

மீனின் இரத்தத்திலும் நம்முடையதைப் போலவே நோயை எதிர்க்கிற செல்கள் உண்டு. அவற்றின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்று சில இருக்கும். ஒவ்வோர் ஏற்பிக்கும் ஒரு வடிவம். அந்த வடிவத்துக்குப் பொருந்துகிற கிருமி வந்தால் பிடித்துக்கொள்ளும், பொருந்தாவிட்டால் தெரியாமல் விட்டுவிடும். எந்த மீனுக்கு எந்த வடிவங்கள் என்பது தாய் தகப்பனிடமிருந்து வருவது. ஆற்றில் எத்தனையோ குடும்பத்து மீன்கள் கலந்து கிடப்பதால் வடிவங்களும் ஏராளம். ஒரு நோய் வந்தால் சில சாகும், சில தப்பிக்கும். பண்ணையில் அப்படி இல்லை. சீக்கிரம் வளர்கிற, பார்க்க லட்சணமான மீன்களாகப் பொறுக்கி எடுத்து முட்டையிட வைக்கிறோம். அவற்றின் பிள்ளைகளில் பொறுக்கி, பிறகு பேரப்பிள்ளைகளில் பொறுக்கி, கடைசியில் எல்லா மீனும் அச்சில் வார்த்த மாதிரி ஆகிவிடுகிறது. வாங்குகிறவர்களுக்கு அதைப் பார்த்தால் கண்ணுக்கு நிறைவு. ஆனால் வெளியே ஒரே அச்சு என்றால் உள்ளேயும் ஒரே அச்சுதான். தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டைப் போட்ட கதை. ஒரு வீட்டில் நுழைந்த திருடன் எல்லா வீட்டிலும் நுழைந்துவிடுவான்.

எங்கள் பண்ணை மீன்களின் ஏற்பி மரபணுக்களை நான் பல வருடம் பார்த்துக்கொண்டு வந்தேன். தலைமுறைக்குத் தலைமுறை வகைகள் குறைந்தன. பிறகு இரண்டு தொட்டிகள் வைத்தேன். ஒன்றில் பண்ணை மீன், மற்றொன்றில் ஆற்று மீன். இரண்டிலும் சிவப்புப் புண் நோயின் கிருமியை ஒரே அளவில் விட்டேன். ஆற்று மீன்களில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. பண்ணை மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன, ஒன்று பாக்கியில்லாமல்.

இதை நான் முதலில் சொன்னது அக்காவிடம்தான். அவள் வீட்டுச் சமையலறையில் வைத்துச் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள். "சரி, அடுத்த கூட்டத்துல சொல்லு. நான் இருக்கேன்ல" என்றாள். அந்தக் கடைசி வார்த்தையை நம்பித்தான் நான் கூட்டத்துக்குப் போனேன்.

கூட்டத்தில் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். பண்ணையின் தலைவர் பாதி நேரம் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் அக்கா பக்கம் திரும்பி, "என்ன மேடம், உங்க தங்கச்சி நம்ம கடையையே இழுத்து மூடச் சொல்றாங்க போலிருக்கே" என்றார்.

அக்கா சிரித்தாள். "அவ சின்ன வயசுலருந்தே அப்படித்தான் சார். மழை பெஞ்சா வீடு இடிஞ்சிரும்னு கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவா. தொட்டியில எதை விட்டாலும்தான் சாகும். குளத்துல நடக்கட்டும், அப்ப பாப்போம்."

அறை முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் உட்கார்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் சிரிப்பார்கள்.

அவள் சொன்னது பொய் இல்லை, சார். நான் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவள்தான். ஆனால் அப்போதெல்லாம் அக்காவும் தவழ்ந்து உள்ளே வந்து என்னைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள். மழை விடும்வரை எழுந்திருக்க மாட்டாள். அம்மா இல்லாத வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம் அது. அதைக் கொண்டுபோய், தேநீருக்குக் காத்திருந்த ஆட்கள் நடுவில் வேடிக்கைக்குப் போட்டுவிட்டாள். என் ஆராய்ச்சியை அவள் மறுத்திருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். அவள் மறுக்கவில்லை, என்னைக் காட்டிக்கொடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

கூட்டம் முடிந்து வராந்தாவில் என் தோளைத் தொட்டு, "மனசுல வெச்சுக்காதடி, எல்லாத்துக்கும் ஒரு நேரம் இருக்கு" என்றாள். நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவளோடு சண்டை போடவில்லை, பேச்சையும் குறைக்கவில்லை. வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கும் போனேன். நான் கோபக்காரி இல்லை, யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

யோசித்தபோது அவள் சொன்னதில் ஒன்று மட்டும் நியாயமாகப் பட்டது. குளத்தில் நடக்கட்டும் என்றாளே, அது. அறிவியல் படித்தவள் கேட்கவேண்டிய கேள்விதான். தொட்டி வேறு, குளம் வேறு.

எந்தக் குளம் என்பதுதான் பிரச்சினை. பண்ணையின் சொந்தக் குளத்தில் மீன் செத்தால் தண்ணீர் சரியில்லை என்பார்கள். வெளியாள் குளத்தில் செத்தால் வளர்த்தவன் சரியில்லை என்பார்கள். அக்காவால் ஒரு குற்றமும் சொல்ல முடியாத குளமாக இருக்க வேண்டும். இரையிலிருந்து சுண்ணாம்பு வரை அவள் சொன்னபடியே போட்டு வளர்க்கிற குளமாக இருக்க வேண்டும். செத்தால் அவள் அறிக்கை எழுதி ஒதுக்கிவிட முடியாததாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒரே ஒரு குளம்தான் இருந்தது.

குட்டியின் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, அலுவலக வேலையை விட்டுவிட்டு வந்தவர். கல்யாணமானதும் அவரும் குட்டியும் பண்ணையின் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குளத்தைக் குத்தகைக்கு எடுத்தார்கள். கரையிலேயே தகரக்கூரை போட்டு இரண்டு அறை கட்டிக்கொண்டார்கள். முதல் வருடத்துக் குஞ்சுகளை அக்காவே பார்த்துத் தேர்ந்து அனுப்பிவைத்தாள். அதனால் அவை பண்ணை மீன்கள்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சோதித்துப் பார்க்கவும் இல்லை. தெரிந்த விஷயத்தை எதற்குச் சோதிப்பது?

மீன்கள் உள்ளங்கை நீளம் வரும்வரை காத்திருந்தேன். வாரத்துக்கு ஒருநாள் தண்ணீர் பார்க்கிற சாக்கில் போய்வருவேன். குட்டிக்கு அந்தக் குளம் என்றால் உயிர். "இவரு என்கிட்ட பேசுறதவிட மீன்கிட்டதான் சித்தி அதிகமா பேசுறாரு. அதுங்களும் வாயை வாயைத் திறந்து ஆமாம் போடுது, நான் அப்படிப் போடுறதில்லல்ல" என்பாள். மாப்பிள்ளை வெட்கப்பட்டுச் சிரிப்பார். இந்த மீன் நல்லபடியாகக் கரையேறினால்தான் அவர்களுக்கு அடுத்த வருடம் என்று ஒன்று உண்டு. எனக்கும் அது தெரியும். யாருக்கும் இழப்பே இல்லாத சோதனை என்று ஒன்று கிடையாது, சார்.

குளத்தில் நல்ல கிருமி ஊற்றுவது வளர்ப்பவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். அடியில் சேர்கிற கழிவைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கிற கிருமி அது. பண்ணையிலிருந்து நீலக் கேனில் கொடுப்போம். நான் ஆய்வகத்தில் வளர்த்த புண் நோய்க் கிருமியை அதே கேனில் கொண்டுபோனேன். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கத்தான் கொண்டுபோனேன். "குடுங்க சித்தி, உங்களுக்கு முதுகு வலிக்கும்" என்று குட்டி என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முட்டளவு தண்ணீரில் இறங்கி, எல்லாப் பக்கமும் சமமாகப் பரவட்டும் என்று நடந்து நடந்து ஊற்றினாள். கேட்டால் நான் கற்றுக்கொடுத்த முறை என்பாள். அவளுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் சரியாகப் பிடித்துக்கொள்வாள்.

மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. துள்ளி வந்து இரை தின்றன.

இரண்டாம் முறை அளவைக் கூட்டினேன். சில மீன்கள் சோர்ந்து கரையோரம் ஒதுங்கின, சிலவற்றின் உடம்பில் சிவந்த புள்ளிகள் தெரிந்தன. ஒரு வாரத்துக்குள் அவையும் தேறிவிட்டன. மாப்பிள்ளை, "பண்ணை மீனுன்னா பண்ணை மீனுதான் அத்தை, கல்லு மாதிரி இருக்கு" என்று அக்காவுக்குத் தொலைபேசியில் வேறு சொன்னார்.

மூன்றாம் முறை ஊற்றுவதற்கு முன்பு, எடை பார்ப்பதற்கு வலை இழுக்கச் சொன்னேன். வலை உரசினால் செதில் பெயரும், பெயர்ந்த இடத்தில் கிருமி எளிதாக நுழையும். கேன்களின் எண்ணிக்கையையும் கூட்டினேன். எந்த உடம்புக்கும் தாங்குகிற எல்லை என்று ஒன்று உண்டு. இந்த முறை மீன்கள் மிதந்தன. மாப்பிள்ளை தலையில் கைவைத்துக் கரையில் உட்கார்ந்துவிட்டார். குட்டி அழவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று செத்த மீன்களைக் கூடை கூடையாக அள்ளிப்போட்டாள். நானும் கரையில் நின்று கூடை வாங்கினேன்.

அன்று சாயங்காலமே குட்டிக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் வலது கால் வீங்கியது, தோல் கறுத்தது. மருத்துவமனையில் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் புண் நோய்க் கிருமி மீனுக்கு மட்டும் சொந்தமில்லை, சார். காயம் வழியாக நுழைந்தால் மனிதர்களையும் விடாது. அபூர்வமாக நடப்பதுதான். ஆனால் அவ்வளவு கிருமி உள்ள தண்ணீரில் யாரும் இறங்கியதும் இல்லை.

மருத்துவர் வயதில் சின்னவர். வெளியே வந்து எங்களிடம் விசாரித்தார். "இப்பக் குடுக்குற மருந்து சரியாக் கேக்க மாட்டேங்குது. என்ன கிருமின்னு தெரிஞ்சா உடனே மாத்திரலாம். சோதனை முடிவு வர ரெண்டு நாள் ஆகும். எதுல இருந்து வந்திருக்கும்னு யாருக்காவது தெரியுமா?" அந்தக் கிருமிக்கு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பது எனக்கு மனப்பாடம். ஆய்வகத்தில் எல்லா மருந்தையும் அதன் மேல் போட்டுப் பார்த்திருக்கிறேன். "குளத்துத் தண்ணி, டாக்டர்" என்றேன். அது பொய்யில்லை. அவர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

அப்போதுதான் அக்கா என்னை வராந்தாவின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரே நாளில் கிழவியாகியிருந்தாள். "மீனு செத்தது போகட்டும்டி. எப்படிச் செத்துச்சு? அதான் எனக்குப் புரியல. நீ சொன்னதக் கேட்டுத்தானே ஆத்து மீனைக் கலந்தேன்" என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கூட்டத்துல நான் வேற என்னடி பேசுறது? ஆமான்னு சொன்னா அன்னிக்கே பண்ணையை மூடிருவாங்க, உன் ஆய்வகமும் போயிரும். சிரிச்சு மழுப்பிட்டு, மறுவாரமே ஆத்துல புடிச்ச ஆண் மீனையெல்லாம் கொண்டாந்து நம்ம தாய் மீனோட விட்டேன். அந்தக் குஞ்சைத்தான் குட்டி குளத்துல விட்டது. என் பொண்ணு குளம்னா எது ஆனாலும் நான் பதில் சொல்லிக்கலாம்னுதான். ஒரு வருசம் நல்லபடியா வந்ததும் உன் பேரைச் சொல்லித்தான் எல்லாருக்கும் காட்டணும்னு இருந்தேன்."

"எனக்கு ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"உன் வாயில எதுவும் நிக்காதேடி" என்று சொல்லி அழுதாள். நானும் அவளைக் கட்டிக்கொண்டேன். குட்டி அப்போது உள்ளே இருந்தாள், உயிரோடு. மருந்தின் பெயரை நான் அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், அதிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரும், அக்கா இருக்கிற நிலையில் அதைத் தாங்க மாட்டாள். சோதனை முடிவு வந்தபோது குட்டி இல்லை.

மாப்பிள்ளை அந்தக் கேன்களில் ஒன்றைக் கழுவாமல் வைத்திருந்ததால்தான் நீங்கள் என்னைத் தேடி வந்தீர்கள். அது இல்லாவிட்டாலும் யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது கேட்டுவிட்டீர்கள், அதனால் விடுபட்டதையும் சொல்லிவிடுகிறேன். பாதி சொல்வது எனக்குப் பிடிக்காது.

ஆற்று மீன் கலந்த விஷயத்தை அக்கா வராந்தாவில் சொன்னபோது எனக்கு அது புதிதில்லை. இரண்டாம் முறை ஊற்றியும் மீன்கள் தேறியபோதே சந்தேகம் வந்தது. குளத்திலிருந்து நாலைந்து மீன்களின் துடுப்பு நுனியை வெட்டிக்கொண்டு போய் ஆய்வகத்தில் பார்த்தேன். ஏற்பி மரபணுக்களில் அத்தனை வகைகள். என் பண்ணை மீன்களில் நான் பார்த்தே இராதவை. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல அவ்வளவு அழகு. பண்ணையில் வலை இழுக்கிறவரிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "ஆமா மேடம், பெரிய மேடம்தான் ஆத்து மீனு கொண்டாரச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "தெரியுமே" என்றேன்.

என் பேச்சைக் கேட்டிருக்கிறாள். என்னை ஊர் சிரிக்க வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் நான் சொன்னதையே செய்திருக்கிறாள். முதல் துரோகத்தையாவது விவரம் போதாமல் செய்தது என்று விட்டுவிடலாம். இது நான் சொன்னது சரி என்று தெரிந்தே செய்தது. அந்த மீன்கள் நல்லபடியாக வளர்ந்து கரையேறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து, நம் மீனுக்கு ஒரு குறையும் இல்லை, தங்கச்சி வீணாகப் பயந்தார் என்பார். நான் சொன்னது சரி என்பதால் பிழைத்துக்கொண்ட மீன்கள், நான் சொன்னது தவறு என்பதற்குச் சாட்சியாக நீந்திக்கொண்டிருந்தன. அதை நான் எப்படி விடுவது? அதனால்தான் மூன்றாம் முறை.

குட்டியின் காலில் இருந்த காயத்தைப் பற்றியும் கேட்டீர்கள். வலை இழுத்த அன்று கரையில் கிடந்த உடைந்த ஓடு குத்தி அவள் பாதத்தில் ஆழமாகக் கிழித்திருந்தது. மருந்து வைத்துக் கட்டுப்போட்டு விட்டதே நான்தான். அதன் பிறகு கேன்களைக் கரையில் வரிசையாக வைத்தேன். "இந்தக் காலோட இறங்கலாமா சித்தி?" என்று கேட்டாள். இரண்டு பேர் நடந்து ஊற்றினால்தான் குளம் முழுவதும் சமமாகப் பரவும். மாப்பிள்ளை ஒருவரால் முடியாது. "ஒன்னும் ஆகாது, இறங்கு" என்றேன்.

அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று உங்கள் காவலர் சொன்னார். என்னைப் பார்க்க வேண்டும், ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்கிறாளாம். வரச் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கும் அவளிடம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது. இதை மட்டும் நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குட்டி இன்று உயிரோடு இருந்திருப்பாள். அவ்வளவு பெரிய விஷயம் தெரிந்திருந்தும், கூடவே இருந்து, முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டு, சொல்லாமலே இருக்க ஒரு மனுஷிக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை, சார்.